பாஸின் தோல்பை

ஒன்பது வயதில் நான் வெறுத்தவன் ஒருவன்தான். அவன் மாமாவின் பழைய கொமிக்ஸ் புத்தகங்களில் இருந்தான்.

வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த அடுத்த வருசமே உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். என்னை எத்தாளையில் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி வீட்டில் விட்டிருந்தார்கள். சாச்சிக்குக் கைக்குழந்தைகள் இரண்டு. அவருக்கு என்மேல் கோபமும் இல்லை, எனக்கென்று நேரமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதைக்க ஆள் கிடையாது. கொழும்புக்குப் போன மாமா அலுமாரியின் அடித்தட்டில் விட்டுச் சென்ற, அட்டை கிழிந்த கொமிக்ஸ்தான் துணை.

அதில் பறக்கிற வீரனை யாருக்கும் பிடிக்கும். என் கண்ணோ அவனுடைய எதிரியிலேயே இருந்தது. அடியாட்கள் அவனை ‘பாஸ்’ என்றார்கள். வெள்ளைக் கோட்டு, தொப்பி, ஒரு தங்கப்பல். அவனுக்குப் பறக்கத் தெரியாது. துப்பாக்கியும் தூக்க மாட்டான். சிரித்தபடி ஒரு தாளை நீட்டுவான். கையெழுத்துப் போட்டவர்கள் அதன்பிறகு அவனுடைய அடிமைகள். கடைசிப் பக்கத்தில் வீரன் அந்தத் தாள்கள் இருக்கும் தோல்பையைப் பறித்துக் கடலில் எறிவான். அடுத்த கட்டத்தில் எல்லாரும் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

உம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்காரருக்கும் தங்கப்பல் இருந்தது. வெள்ளைச் சட்டை, தோல்பை. சாச்சி வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு அவர் சிரித்தபடி தாளை நீட்டியதையும், உம்மா குனிந்து கையெழுத்து வைத்ததையும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தேன். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் அவருடைய மோட்டார் சைக்கிள் பள்ளிவாசல் முன்னால் நின்றது. அஸர் தொழ உள்ளே போயிருந்தார். பாஸ் தொழுவானா என்று ஒரு கணம் குழம்பினேன். வேஷம் என்று முடிவெடுத்தேன். தொங்கிய பையைக் கழற்றிக்கொண்டு, எங்கள் ஊரில் கடலென்று இருந்த களப்புக்கு ஓடினேன். இறங்குதுறை நுனியில் நின்று இரண்டு கையாலும் வீசினேன்.

திரும்பினால் அவர் கரையில் நிற்கிறார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பையை எடுத்தார்.

சாச்சியிடம், “பை நழுவிக் களப்புல விழுந்துட்டு. உங்கட ராத்தா பேசி அனுப்பின கசெட்டும் நனைஞ்சிட்டு” என்றார். ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் உம்மா கொடுத்தனுப்பியதாம். வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்த்தோம். இரைச்சல்தான் வந்தது. நடுவில் என் பெயர் கேட்டதாகச் சாச்சி சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்காததைப் பயம் என்றே எடுத்துக்கொண்டேன். தாள்கள் நனைந்துவிட்டன, இனி உம்மா வருவார் என்று தினமும் சந்தியில் போய் நின்றேன். புத்தளம் பஸ்ஸில் யார் யாரோ இறங்கினார்கள்.

அடுத்த கிழமை அவர் புதுக் கசெட்டோடு வந்தார். சாச்சியின் ரேடியோவில் அதைப் போட்டு, பதிவுப் பொத்தானை அமத்தி என் முன்னால் வைத்தார்.

“ஏதாச்சும் செல்லு மகள். நாளைக்கு ஒராள் சவூதிக்குப் போறா, குடுத்தனுப்பலாம்.”

பாஸுக்கு ஒரு சொல்லும் கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சாச்சி அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு குழந்தை அழுததால் எழுந்து போனார். நாடா சுற்றி முடிந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது. அவர் கசெட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“வெறும் கசெட்டையா அனுப்பப் போறீங்க?” என்றார் சாச்சி.

“புள்ள பக்கத்துலதானே இருந்திச்சி” என்றார் அவர்.

தோற்றுப் போகிற பாஸைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. எங்கோ ஒரு சமையலறையில், வேலையெல்லாம் முடித்தபின், மகள் இப்போது பேசுவாள் இப்போது பேசுவாள் என்று அந்த நாடா முடியும்வரை உம்மா காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார் என்பதோ, ஒரு மூச்சுச் சத்தம் கேட்டால் அது என்னுடையதாக இருக்குமா என்று மறுபடியும் சுற்றிப் போடுவார் என்பதோ அன்று எனக்குத் தெரியவில்லை.