மணியக்காவின் கடத்தல் பட்டியல்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை மணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகள் உதவிக்கு அழுத்தும் அழைப்பு மணிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. "மணியக்கா, மணி என்ன?" என்று கேட்பது அங்கே கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன வேடிக்கை. அவள் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லிவிட்டு நடப்பாள்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம், மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் தொழிற்சாலையில் இருந்தாள். அது மூடியபோது, ஆஸ்பத்திரியில் பல்பு மாற்ற ஆள் தேவை என்று சொல்லிச் சேர்த்துவிட்டவள் கணவரின் தங்கை. அவள் அங்கே நர்ஸ். கணவர் பஸ் டிரைவர். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

சுவருக்குள் ஓடிய பழைய ஒயர் மணிகளைக் கழற்றிவிட்டு, ஒயரில்லாத பொத்தான்கள் வந்த வருடம் அவள் வாழ்க்கை மாறியது. நோயாளி கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால், அந்த அழைப்பு கூரையிலுள்ள ஒரு சிறிய பெட்டிக்குத் தாவும். அதிலிருந்து அடுத்த பெட்டிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று தாவித் தாவி நர்ஸ்களின் போர்டில் போய் விளக்காக எரியும். எந்தக் கருவி பிறர் அழைப்பை வாங்கிக் கடத்தலாம், எது கடத்தக் கூடாது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கையேட்டை மூன்று முறை படித்துவிட்டு அவள் முடிவு செய்தாள்: மின்சாரத்தில் ஓடும் கூரைப் பெட்டிகள் மட்டும் கடத்தட்டும்.

"பொத்தான் தன் பேச்சை மட்டும் பேசிட்டுத் தூங்கணும்," என்று நர்ஸ்களுக்கு விளக்கினாள். "மத்தவங்க பேச்சையும் சுமக்கச் சொன்னா, நாள் முழுக்கக் காதைத் திறந்து வெச்சிட்டு உக்காரணும். சட்டைப் பொத்தான் சைஸ் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?"

ஸ்டோர் ரூம் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருந்தாள். கடத்துபவை இடப்பக்கம், கடத்தாதவை வலப்பக்கம். நர்ஸ்கள் அதற்குக் கடத்தல் பட்டியல் என்று பெயர் வைத்தார்கள். "எங்க அண்ணி பெரிய கடத்தல்காரி" என்று நாத்தனார் வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

நான்கு வருடம் கழித்து, கட்டடத்தின் பின்னால் பன்னிரண்டு அறைகளோடு புதுப் பகுதி ஒன்று எழுந்தது. திறப்பு நாள் நெருங்கிவிட்டது. கூரைப் பெட்டிகள் வரவில்லை. சோதித்துப் பார்த்ததில் கடைசி நான்கு அறைகளின் அழைப்பு போர்டுக்கு எட்டவே இல்லை.

கருவிகளைக் கொடுத்த நிறுவனத்தின் இன்ஜினியர் வந்து பார்த்தார். "எல்லாப் பொத்தானையும் கடத்த விட்டுடுங்க. ஒரு டிக் போட்டா வேலை முடிஞ்சுது."

"பேட்டரி?"

"குறைஞ்சா போர்டுல காட்டும். மாத்திக்கலாம்."

மேலாளர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். இடமில்லாமல் சுவரோரம் ஏழு பேர் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார்கள். "பெட்டி வர்ற வரைக்கும்தான்மா. ரெண்டு வாரம். இவங்களைப் பாரு."

அவள் பார்த்தாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் அந்த டிக்கைப் போட்டாள். சொன்னது அவர்கள், போட்ட விரல் தன்னுடையது. இதைப் பின்னாளில் அவள் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

எல்லா அறைகளின் விளக்குகளும் போர்டில் எரிந்தன. இரண்டு வாரம் பத்து வாரமானது. முதல் மாதம் ஒவ்வொரு பொத்தானையும் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள். பிறகு லிப்ட் பழுதாகி, அதைச் சரிசெய்யும் வேலையில் மாட்டிக்கொண்டாள். போர்டில் பேட்டரிகள் எல்லாம் நிறைவாகவே காட்டின. அந்த வகைப் பேட்டரி கடைசிவரை நிறைவாகக் காட்டிவிட்டு ஒரே நாளில் விழுந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

எட்டாம் அறையில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஊன்றுகோலோடு நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு நாப்பத்தோரு அடி" என்று தினமும் கணக்கு சொல்வார். கடைசி நான்கு அறைகளுக்கும் போர்டுக்கும் நடுவில் இருந்தது அவர் அறை. அந்த நான்கு பேரின் அழைப்புகளும் அவர் கழுத்துப் பொத்தான் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

ஒரு நாள் மதியம் அவர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் விழுந்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த பெண் பார்த்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பொத்தானின் கயிறு அவர் விரல்களில் சுற்றியிருந்தது. தலைக்குள் ரத்தம் கசிந்து, மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அவர் விழுந்த அன்றே அவள் அந்தப் பொத்தானைத் திறந்து மீட்டரை வைத்தாள். பேட்டரியில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து அறைகளின் பொத்தான்களையும் திறந்தாள். இரண்டு செத்திருந்தன, ஒன்று சாகும் நிலையில் இருந்தது. மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து எல்லா அறைகளிலும் பேட்டரி மாற்றினாள்.

அடுத்த வாரம் அறிக்கை தயாரானது. அதில் ஒரு வரி: 'நோயாளி அழைப்புப் பொத்தானை அழுத்தவில்லை.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போர்டுல பதிவு இல்லை," என்றார் மேலாளர். "அப்போ அழுத்தலைன்னுதானே அர்த்தம்?"

"வந்து சேரலைன்னு அர்த்தம் சார்."

காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்தாள். சர்வேயர் விழுந்த அன்று பணியிலிருந்த நர்ஸ் நாத்தனார்தான். நாலைந்து நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"போர்டு முன்னாடியேதான் உக்காந்திருந்தேன் அண்ணி," என்றாள். "ஒரு விளக்குகூட எரியலை. எவ்ளோ அமைதியா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

கணவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "கையெழுத்துப் போட்டா உங்க ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை. போடலைன்னா வேலை போகும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன்," என்றாள். "அழுத்தலைன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அந்த வரியை அடித்துவிட்டுத் தன் கையெழுத்தில் எழுதினாள்: பொத்தானின் பேட்டரி செத்திருந்தது. பிறர் அழைப்பைக் கடத்தியதால் அது தீர்ந்தது. உத்தரவின் பேரில் அந்த அமைப்பை மாற்றியது நான். அவர் அழுத்தினாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

காகிதத்தைக் கொடுத்துவிட்டு, சர்வேயரின் மகளைத் தேடிப் போனாள். அந்தப் பெண் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இருவரும் பேசினார்கள். மணியக்கா எதையும் மறைக்கவில்லை.

"அப்பா அழுத்தினாரா?"

"தெரியாதுங்க. அழுத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது."

மகள் வெகுநேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவர் யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாத ஆள். அவர் கூப்பிடவே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொன்னப்போ நம்பிட்டேன். இவ்ளோ பிடிவாதமான்னு அவர் மேல கோபமா இருந்துச்சு. செத்தவர் மேல கோபப்பட்டுட்டுத் திரிஞ்சேன்."

மணியக்கா தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"உங்களை மன்னிக்கச் சொல்லிக் கேக்க வந்தீங்களா?"

"இல்லைங்க. சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லிட்டீங்க. போயிட்டு வாங்க."

விசாரணை நடந்தது. அவளை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மேலாளர் வேறு ஊருக்குப் போனார். கூரைப் பெட்டிகள், அதுவரை எங்கே கிடந்தனவோ, நான்கே நாளில் வந்து சேர்ந்தன. நாத்தனார் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மற்ற நர்ஸ்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். பேட்டரியில் ஓடும் எதையும் கடத்த விடக் கூடாது என்ற விதி ஆஸ்பத்திரியின் விதிப் புத்தகத்தில் ஏறியது. திரும்பி வந்ததும் அதன் கீழ் முதல் கையெழுத்தை மணியக்காதான் போட்டாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு இன்னொரு பகுதி கட்டினார்கள். அப்போதும் பெட்டிகள் தாமதம். புது மேலாளர் அவளிடம் கேட்டுப் பார்த்தார். அவள் முடியாது என்றாள். ஐந்து வாரம் அந்த அறைகள் பூட்டிக் கிடந்தன. ஐந்து வாரமும் ஒன்பது பேர் வராந்தாவில் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர், பூட்டிய கதவுக்கு யார் காரணம் என்று தெரிந்துகொண்டு, அவள் கடந்து போகும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. குளிர்காற்று நேராக அவர் மேல்தான் அடித்தது.

அவள் ஒரு நாள் ஏணியைக் கொண்டுவந்து, வராந்தாச் சுவரோரமாக நீள ஒயர் ஒன்றை இழுத்து, பழைய ஒயர் மணி ஒன்றை அவர் கட்டிலோரம் மாட்டினாள். "அழுத்திப் பாருங்க ஐயா," என்றாள். அவர் திட்டிக்கொண்டே அழுத்தினார். வராந்தாவின் மறுகோடியிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.