கல்யாணத்தால் வீடு வந்த புத்தகங்கள்

இது நடந்தது அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியில். என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அவள் பள்ளியில் நூலகத்துக்கென்று தனி அறை கிடையாது. பக்கத்துச் செட்டியார் வீட்டில் ஓர் அறையை இரவல் கொடுத்திருந்தார்கள். மூன்று பீரோ நிறையப் புத்தகம், எப்போது பார்த்தாலும் பூட்டு. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியருக்குப் பயம்.

அந்த வருஷம் அந்த வீட்டில் கல்யாணம் வந்தது. செட்டிநாட்டுக் கல்யாணம் என்றால் சும்மாவா? சமையல் சாமானுக்கே ஓர் அறை போதாது. பீரோக்களை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பள்ளியில் பீரோக்களை நிறுத்தத்தான் இடமிருந்தது, அதுவும் ஒழுகும் தாழ்வாரம். நூலகத்தைக் கவனித்த டீச்சர் துணிந்து, ஆளுக்கு இரண்டு புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, கல்யாணம் முடியும் வரை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.

என் மகள் கொண்டுவந்ததில் ஒன்று தடித்த நாவல். தூசி தட்டலாம் என்று நான் பிரித்ததுதான், கீழே வைக்க முடியவில்லை. என் கணவர் மலேசியாவில் கடை வேலையில் இருந்தார். வீட்டில் மாமியாரும் நாங்களும்தான். சோறு அடிப்பிடித்தது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் அவரே, "நேத்து கதையில சொன்னியே, அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு, படிச்சுச் சொல்லு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டுப் புத்தகம் எங்களுக்கு, எங்களுடையது அவர்களுக்கு என்று தெருவே மாற்றி மாற்றிப் படித்தது.

கல்யாணம் முடிந்து திருப்பிக் கேட்டபோது பாதிப் புத்தகம்கூடப் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் மகள் அழுதுகொண்டே வந்தாள். தலைமையாசிரியர் டீச்சரைப் பிள்ளைகள் முன்னாலேயே திட்டிவிட்டாராம். புத்தகத்தையெல்லாம் தொலைத்தாயிற்று, இனி நூலகமே வேண்டாம், பீரோக்களில் சோதனைச்சாலைச் சாமானை வைத்துக்கொள்வோம் என்றாராம்.

எனக்கு வந்ததே கோபம்! யா அல்லா, எங்களால் அந்த டீச்சருக்குக் கெட்ட பேரா? முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, புத்தகங்களோடு பள்ளிக்குப் போனேன். வாசல் வரைக்கும் இருந்த வேகம் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்ததும் எங்கே போனதோ, புத்தகங்களை அவர் மேஜைமேல் மெல்ல அடுக்கி வைத்தேன்.

"ஒண்ணும் தொலையலை சார். நாங்கதான் படிச்சுக்கிட்டு இருந்தோம். டீச்சரை வையாதீக" என்றேன்.

"ஏம்மா, இது பிள்ளைகளுக்கு உள்ளதும்மா" என்றார் அவர்.

"பிள்ளைகளுக்குன்னுதான் பூட்டி வச்சிருந்தீகளாக்கும்?"

வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஓரமாக நின்ற டீச்சர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். தலைமையாசிரியர் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினார். அங்கங்கே எண்ணெய்க் கறை இருந்தது, கிழிசல் இல்லை. கடைசியில், "சனிக்கிழமை திறந்து வைக்கச் சொல்றேன். நீங்களும் வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. எண்ணெய்க் கையோட மட்டும் தொடாதீக" என்றார். நாவலில் எனக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மகள் சொல்லியிருப்பாள் போல, டீச்சரே அதை எடுத்து என் கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்து நூலகம் பிள்ளைகளுக்கு மட்டும்தானே என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் மகள் படித்து முடித்துப் போன பிறகும், ஐந்தாவதோடு நிறுத்தப்பட்ட நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.