இறங்கு, இறக்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி பைக்கிலிருந்து விழுந்தாள். தள்ளிவிட்டது நான்தான். கையால் அல்ல... ஒரு வார்த்தையால்!

யாழினி தஞ்சாவூரில் இன்ஜினியர். சொந்தச் சம்பளத்தில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கி, வீலிங் பழகுகிறாள். அதாவது, முன் சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டுவது. ரோட்டில் அல்ல, பயப்படாதீர்கள். திருக்காட்டுப்பள்ளி பக்கம் எங்கள் ஊரில், அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் சிமென்ட் களத்தில் - ஹெல்மெட்டோடு. அடுத்த வாரம் ஸ்டன்ட் டீம் தேர்வு. அதற்குள் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சக்கரம் தரையைத் தொடாமல் போய்விட வேண்டும்.

“கிளட்ச்சை டக்குனு விடணும் தாத்தா. மல்லாக்கப் போற மாதிரி இருந்தா பின் பிரேக். சக்கரம் தானா எறங்கிடும்.”

“மல்லாக்கவே போயிட்டா?”

“போனேனே! அதான் இந்தத் தழும்பு.”

அன்று தூக்கினாள் பாருங்கள்... சேற்றில் மாட்டிய டிராக்டர் மூக்கைத் தூக்குமே, அப்படி! பாதிக் களம் தாண்டிவிட்டாள். அப்போது பெரிய தெரு வீட்டிலிருந்து களத்துச் சொந்தக்காரர் சாமிநாதன் அவசரமாக வெளியே வந்தார். எனக்கு என்ன ஆனதோ...

“எறங்கு பாப்பா! எறங்கு!”

மிரண்டுபோய் பிரேக்கை மிதித்தாள். வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

“ஏன் சார் கத்துனீங்க?” சாமிநாதன் கையில் செல்போன். “வீடியோ எடுக்கத்தானே ஓடியாந்தேன்!”

யாழினி முழங்கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். “சக்கரத்தைன்னா ‘எறக்கு’ன்னுல்ல சொல்லணும்? ‘எறங்கு’ன்னா?”

முப்பது வருஷம் தமிழ்ப் பாடம் நடத்தியவனிடம் இலக்கணம் கேட்கிறாள்! உண்மையைச் சொன்னேன். என் பள்ளி நாட்களில் பெரிய தெரு வந்தால் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கூலிச் சண்டை நடந்தது. ஆட்சி மாறியது. எங்களுக்கும் கொஞ்சம் நிலம் வந்தது. தெருவைவிட்டு அந்த வழக்கம் போய்விட்டது. என் வாயைவிட்டுத்தான் போகவில்லை. அதற்கு அவளா அடிபட வேண்டும்?

சாமிநாதன் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இன்னொரு தடவை ஓட்டும்மா” என்றார்.

ஓட்டினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தக் கோடியில்தான் சக்கரம் தரையைத் தொட்டது. நான் தட்டிய கைதட்டல் காவிரிக்கரைவரை கேட்டிருக்கும்!

திரும்பும்போது பின்சீட்டில் நான். பெரிய தெரு முனை வந்ததும் என் கால் தானாகத் தரையைத் தேடியது. இழுத்துக்கொண்டேன்.

“இங்க மட்டும் தூக்கிடாதேம்மா... பின்னாடி நான் இருக்கேன்!”