வெளிமான் மேய்ந்த கடலைக் காடு

என் அண்ணன் வேட்டைக்காரர் இல்லை, விவசாயி. அப்பா போனபிறகு பள்ளத்தூருக்குத் தள்ளி எங்களுக்கு இருந்த மானாவாரிக் காட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். மழை பார்த்துக் கடலையோ வரகோ போடுவோம். எங்கள் காடு முடிகிற இடத்தில் ஒரு பெரிய பொட்டல் தொடங்கி நேமத்தான்பட்டிப் பக்கமாக நீண்டு கிடந்தது. செம்மண், சரளை, அங்கங்கே ஒரு உடைமரம், மழை பெய்தால் கணுக்கால் உயரத்துக்குப் புல். வெளிமான்கள் இருந்தது அந்தப் பொட்டலில்தான்.

புள்ளிமானைப் போல மரத்துக்குள் ஒளிந்து பிழைக்கிற சாதி இல்லை அது. நான்கு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிய வேண்டும். ஆபத்து வந்தால் ஓடியே தப்பித்துக்கொள்ளும். பெண் மான்கள் மண் நிறத்தில் இருக்கும். ஆண் மான் வயதாக ஆக முதுகு கறுத்துக்கொண்டே வரும். வயிறு மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. கொம்பு முறுக்கி முறுக்கி மேலே போகும்.

கடலை காய் பிடிக்கிற நேரத்தில் அவை காட்டுக்குள் இறங்கிவிடும். அதற்காக அப்பா காலத்திலேயே லைசென்ஸ் எடுத்த துப்பாக்கி வீட்டில் இருந்தது. அண்ணன் எப்போதாவது ஒன்றைச் சுடுவார். தெருவுக்கே கறி பங்கு போகும். நானும் தின்றிருக்கிறேன். அறுபதுகளில் அதை யாரும் பாவம் என்றும் நினைக்கவில்லை, வீரம் என்றும் நினைக்கவில்லை. வெள்ளாமையைக் காப்பாற்றுகிற வேலையில் அதுவும் ஒன்று.

அப்படி இருந்தவரை மாற்றியது கண்டனூரில் நடந்த ஒரு கல்யாணம். பெரிய வீட்டுக் கல்யாணம் அது. வெளியூரிலிருந்து வந்திருந்த விருந்தாளிகளில் சிலர் ஜீப்பும் ரைபிளுமாக வந்திருந்தார்கள். மான் இருக்கிற இடத்தைக் காட்ட அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்களுக்கு வேண்டிய வீடு என்பதால் மறுக்க முடியவில்லை. விடிகாலையில் போனவர் உச்சிவெயிலில் நடந்தே திரும்பி வந்தார். மதினி இலையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"பசிக்கலை."

"கல்யாண வீட்டுல சாப்பிட்டு வந்துட்டீகளா?"

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஜீப்பை விட்டு வெரட்டுனாக. நொரை தள்ளி, ஓட மாட்டாம நின்னதையும் சுட்டாக. பாதிக்கு மேல செனை மானு."

"நீங்க வேணாம்னு சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். சிரிச்சாக."

கொம்புள்ள தலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் மண்வெட்டியோடு பொட்டலுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் ஒரு மானையும் சுடவில்லை. ஆனால் அங்கே மான் இருக்கிறது என்கிற செய்தி பரவிவிட்டது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரத் தொடங்கின. எனக்குக் கல்யாணம் ஆகி, கணவருக்கு அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் வேலை கிடைத்து, நான் கிளம்பவிருந்த சமயத்தில் பொட்டலில் ஒரே ஒரு மான்தான் மிச்சம்.

சொல்லிக்கொள்ள ஊருக்குப் போனபோது அண்ணன் அதைக் காட்ட என்னை அழைத்துப்போனார். கருத்த ஆண் மான். தன் இடம் என்று புழுக்கை போட்டுக் குவித்திருந்த இடத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தது. திடீரென்று கழுத்தைப் பின்னால் சாய்த்து, கொம்பு முதுகில் படும்படி முகத்தை உயர்த்தி, மிடுக்காக நடை போட்டது. பெண் மான்களுக்கு முன்னால் ஆண் மான் நடந்து காட்டுகிற நடை அது.

"யாருக்கண்ணே நடந்து காட்டுது?"

"யாருமில்லைத்தா. அதுக்கு அது தெரியலை."

அந்த வருடம் பொட்டலை ஒட்டிய கடலைக்கு அண்ணன் காவலே போடவில்லை என்று மதினி குறைப்பட்டுக்கொண்டார். "மானுக்குன்னு தனியா விதைக்காததுதான் பாக்கி" என்றார்.

டெக்சாஸ் போன இரண்டாவது குளிர்காலத்தில், கணவரோடு வேலை பார்த்த ஒருவர் தன் மாமனாரின் பண்ணைக்கு எங்களைக் கூப்பிட்டார். வீட்டுக் கூடத்துச் சுவரில் விதவிதமான விலங்குத் தலைகள். அவற்றின் நடுவில் முறுக்கிய கொம்போடு ஒரு வெளிமான் தலை. பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பண்ணைக்காரக் கிழவர் கவனித்துவிட்டு, ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல்வெளியில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. கறுப்பும் வெள்ளையுமாக ஆண்கள், மண் நிறத்தில் பெண்கள், குட்டிகள். ஏதோ சத்தம் கேட்டு மொத்தக் கூட்டமும் எகிறி எகிறிக் குதித்தபடி ஓடியது. அத்தனை மான்களை ஒன்றாக நான் எங்கள் ஊரில்கூடப் பார்த்ததில்லை.

தன் அப்பா காலத்தில் கொண்டுவந்து விட்டவை என்றார் கிழவர். மண்ணும் வெயிலும் ஒத்துக்கொண்டதாம். "உங்கள் நாட்டில் நிறைய இருக்குமே" என்று கேட்டார். "எங்கள் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.

அன்று காலை ஒரு விருந்தாளி பணம் கட்டி ஒரு ஆண் மானைச் சுட்டிருந்தார். அதைப் புல்லில் கிடத்தி, கொம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்தார்கள். எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்த கிழவர் தன்மையாகவே சொன்னார்: சுட ஆள் வருவதால்தான் இவற்றை வளர்க்கிறோம், இல்லாவிட்டால் இந்தப் புல்லில் மாடுகள்தான் நிற்கும். ஆனால் காரில் திரும்பும்போது ஒரு சந்தோஷம் இருந்தது. ஊருக்குப் போனதும் அண்ணனிடம் சொல்ல வேண்டும், அந்தச் சாதி அழிந்துவிடவில்லை என்று.

எழுபதுகளின் நடுவில் விடுமுறைக்கு வந்தோம். காரைக்குடியில் இறங்கியதிலிருந்து அண்ணன் சரியாகப் பேசவில்லை. ஆள் வற்றிப்போயிருந்தார். அடுப்படியில் நான் மானைப் பற்றி வாயெடுத்ததும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேச்சை மட்டும் ஒங்கண்ணன்கிட்ட எடுத்துறாதத்தா."

நடந்ததை மதினிதான் சொன்னார். மானைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்தபிறகு, ஒருநாள் காலையில் அந்த ஒற்றை மான் எங்கள் கடலைக் காட்டிலேயே குண்டடிபட்டுச் செத்துக் கிடந்தது. அண்ணன்தான் முதலில் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அதிகாரிகள் வந்தபோதும் அங்கேயேதான் இருந்தார். காடு அவருடையது. துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. முன்னால் மான் சுட்டவர் என்பதும் ஊருக்கே தெரியும். வேறு யாரையும் அவர்கள் தேடவில்லை. செத்த மானைக் கொண்டுபோக வண்டி இல்லையென்று அண்ணனின் மாட்டுவண்டியையே பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். மானைப் பின்னால் போட்டு அவரே ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் சனம் பார்த்தது.

"கேக்குறவுககிட்ட நான் சுடலைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னுட்டாக" என்று மதினி அழுதார். "நான்தானே வழி காட்டுனேன், நான்தானே வழி காட்டுனேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாக."

சாட்சி இல்லாமல் வழக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். பிடித்துவைத்திருந்த துப்பாக்கியை அவர் திரும்பக் கேட்கவில்லை. காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். சுட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் என் கணவருக்கு இது எதுவும் தெரியாது. மத்தியானம் சாப்பிடும்போது சகஜமாகச் சொல்லிவிட்டார்: "மச்சான், நீங்க சொல்ற வெளிமான் அமெரிக்காவுல ஏகப்பட்டது இருக்கு. நாங்களே பார்த்தோம்."

மதினி கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நெசமாத்தா?"

"ஆமாண்ணே."

"குட்டி இருந்துச்சா?"

"நிறைய இருந்துச்சு."

கையில் சோறு காயக் காயக் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே என்ன புல், மழை உண்டா, நாய்த் தொந்தரவு உண்டா, கருத்த மான் இடம் பிடித்து நிற்கிறதா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டார்.

"அங்க சுட மாட்டாகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "சுடுவாகண்ணே. பணம் கட்டிட்டுச் சுடலாம்."

"சுட்டா?"

"படம் எடுத்துக்குவாக. கை குடுப்பாக."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, "ஒரு ஜோடியை இங்க கொண்டு வந்து விட்டா நல்லா இருக்கும் மச்சான்" என்றார்.

"எங்குட்டு விடுறது மாப்ளே? பொட்டலு பூராம் தைலமரம் நட்டுட்டாக. மரத்துக்குள்ள அதுக்கு ஓடத் தெரியாது." எழுந்து கை கழுவப் போனவர் கிணற்றடியில் நெடுநேரம் நின்றார். உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது.

கிளம்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த முறை அந்தப் பண்ணைக்குப் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். "செத்தது வேணாம். மேயுறது."

போனேன். வேலி ஓரத்தில் நின்று, ஒரு கருத்த மான் நிமிர்ந்து பார்க்கிற நேரத்தில் எடுத்தேன். படம் நன்றாகவே விழுந்திருந்தது. பெரிதாகப் போட்டு அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. மறுபடி ஊருக்குப் போனபோது மதினியிடம் கேட்டேன்.

"வந்துச்சுத்தா. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் எங்கிட்டக் குடுத்துட்டு, இது நம்ம மானு இல்லைன்னாக. கொழுத்துக் கிடக்குது, ஓடிப் பழக்கமில்லாத மானுன்னாக."

அதே சாதிதான், இங்கிருந்து போனதன் வம்சம்தான் என்று அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அண்ணன் முற்றத்தில் மாட்டுக்குக் கூளம் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் நானும் ஒரு கட்டை எடுத்து உதறினேன்.