எட்டுத் தலைப்பும் ஒரு பெஞ்சும்

வேங்கிக்கால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எனக்குக் கொடுத்த சான்றிதழில் 'இன்டர்மீடியட்' என்று போட்டிருந்தது. அதாவது பாதிக் கிணறு தாண்டியவன். அந்தக் காகிதத்தை நம்பித்தான் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை கேட்டுப் போனேன்.

அதை நடத்துகிற அம்மா காகிதத்தைக் கையிலேயே வாங்கவில்லை. "இதெல்லாம் எல்லாரும்தான் வெச்சிருக்காங்க தம்பி. ஞாயித்துக்கிழமை வா. நம்ம கெஸ்ட் ஒருத்தர்கிட்ட பத்து நிமிஷம் பேசு. அவங்க சரின்னா வேலை உனக்கு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை. ஆறு பேருக்கு ஒரு ரூம். பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீடு. லீவு முடிந்து திங்கட்கிழமை காலை பஸ் ஏற வேண்டும். இது கிடைத்தால் இனி ஏறவே வேண்டாம்! என் மனைவி இரண்டுக்கும் தயாரானாள். ஒரு பக்கம் என் பையைக் கட்டி ஜிப்பை இழுத்து வைத்தாள். இன்னொரு பக்கம், வகுப்பில் கொடுத்த தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். சாப்பாடு, குடும்பம், வானிலை, பொழுதுபோக்கு, மறக்க முடியாத நாள் என்று அதில் மொத்தம் எட்டுத் தலைப்பு.

"நேத்து மத்தியானம் தூக்கத்துல 'மை ஹாபி ஈஸ்'னு ஆரம்பிச்சீங்க. அப்புறம் ஒரே குறட்டை. சரி, அதான் ஹாபி போலன்னு விட்டுட்டேன்" என்றாள்.

பேசுவதில் எனக்குப் பயமில்லை. எதிரில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவாரே, அதுதான் பயம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்குக் கிளம்பினேன். கெஸ்ட் ஹவுஸ் தெருமுனையில், வேப்பமரத்தடி பெஞ்சில் ஒரு வெள்ளைக்கார அம்மா துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஹலோ மேடம்" என்றேன். சிரித்தார். போதாதா? சாப்பாட்டில் ஆரம்பித்தேன். தலையாட்டினார். வானிலைக்குத் தாவினேன்: எங்கள் ஊரில் மூன்று பருவம், வெயில், ஜாஸ்தி வெயில், கம்மி வெயில். தோள் குலுங்கச் சிரித்தார். ஒரு கேள்வி இல்லை, ஒரு குறுக்கீடு இல்லை. ஆகா, நம்ம இங்கிலீஷ் அவ்வளவு தெளிவு!

மறக்க முடியாத நாளுக்கு வந்தேன். மச்சான் கல்யாணத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போய், மண்டபம் மாறி, முன்பின் தெரியாத மாப்பிள்ளையோடு போட்டோவும் எடுத்து, பந்தியில் உட்கார்ந்த கதை. பாயசம் வருகிற கட்டத்தில் காற்றடித்து, பெஞ்சில் இருந்த அம்மாவின் துப்பட்டா விலகியது. உள்ளே ஒரு பேட்ஜ். 'மௌனத்தில் இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில்.

இங்கே தியானத்துக்கு வருகிறவர்கள் சிலர் மௌன விரதத்தில் அப்படிக் குத்திக்கொள்வது ஊருக்கே தெரியும். இதே ஊரில் பிறந்த நான்தான் இருபது நிமிஷம் அவர் விரதத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். கும்பிட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"பாவம், 'போய்யா'ன்னு சொல்லக்கூட முடியலையே அவங்களால!" என்று மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் ஹவுஸ் அம்மா என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், "இவங்கதான் கெஸ்ட்" என்றார்.

அவரேதான். பேட்ஜ் இல்லை.

எனக்கு எட்டுத் தலைப்பும் மறந்துபோயிற்று. திங்கட்கிழமை பஸ் கண்ணெதிரே வந்து நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்று காலையோடு தன் விரதம் முடிந்தது என்றார். பிறகு ஆங்கிலத்தில் படபடவென்று கேட்டார்: "அந்தப் பாயசத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு? நேத்திலிருந்து வாய் துடிக்குது எனக்கு. அப்புறம், கம்மி வெயில் எந்த மாசம் வரும்?"

புரிந்தது! ஒரு சொல் விடாமல் புரிந்தது! தாளில் இல்லாததையெல்லாம் சொன்னேன். அந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவே பைக்கில் ஏற்றிச் சரியான மண்டபத்தில் என்னை இறக்கிவிட்டதை, அங்கே மரியாதைக்காக இரண்டாவது பந்தியிலும் உட்கார்ந்ததை. அவர் குறுக்கே கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். கிராமர் எந்தப் பக்கம் போனதோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தம்மா வந்து, "போதும்பா, அவங்க சாப்பிட வேணாமா?" என்றார். கெஸ்ட் சிரித்துக்கொண்டே பெஞ்சுக் கதையை அவரிடம் சொல்லி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "சரி, நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு. பேட்ஜ் போட்டவங்களை மட்டும் விட்டுடு."

தெருவுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டேன். தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"என்னங்க, நீங்களும் பேட்ஜ் குத்திக்கிட்டீங்களா? கிடைச்சுதா இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. கட்டி வைத்த பையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.