அத்தான் பேரில் ஒரு சிவப்புக் கார்

மற்ற கடைகளில் காசு கொடுத்தால் கையில் ஒரு பொருள் கிடைக்கும். என் கடையில் உங்கள் வண்டி விட்ட புகைக்கு நீங்களே காசு கொடுத்துவிட்டு ஒரு காகிதத்தோடு திரும்ப வேண்டும். அதனால் என்னிடம் யாரும் சிரித்த முகமாக வருவதில்லை. வண்டி வைத்திருக்கிற நீங்களும் அதே முகத்தோடு எங்கேயாவது ஒரு வரிசையில் நின்றிருப்பீர்கள். இன்சூரன்ஸ் முடிந்துபோச்சு, புகைச் சான்று முடிந்துபோச்சு, வரி முடிந்துபோச்சு என்று ஏதாவது ஒன்று எப்போதும் முடிந்துகொண்டே இருக்கும். கேரள எல்லைக்குள், அமரவிளையில் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிற என் புகைப் பரிசோதனைக் கடையில் ஒருநாள் வந்து உட்கார்ந்து பாருங்கள். அவதிப்படுகிறது நாம் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கு இந்த வட்டாரத்தில் ‘புகைச்சேச்சி’ என்று பேர், புகை அக்கா என்று அர்த்தம். கேட்க நன்றாக இல்லைதான், என்ன செய்ய, நிலைத்துவிட்டது.

சட்டம் எழுதியவர்

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சைலன்சருக்குள் குழாயைச் செருக வேண்டும், வண்டியை முடுக்கச் சொல்ல வேண்டும், நம்பர் பிளேட்டைப் படம் எடுக்க வேண்டும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வண்டி தேறவில்லை என்று அது சொன்னால் தேறவில்லைதான். கம்ப்யூட்டரிடம் கெஞ்ச முடியாது என்பதால் ஜனங்கள் என்னிடம் கெஞ்சுவார்கள்.

செக்ரட்டேரியட்டில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன்னுடைய பழைய காரோடு வந்தார். எத்தனை தரம் முடுக்கியும் தேறவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் ஒரு புத்தம்புதுக் கார் நின்றது. குழாயை அதற்குள் செருகிவிட்டு, நம்பரை மட்டும் தன் வண்டியினுடையதாகப் படம் எடுக்கலாமே என்று மெதுவாக என் காதருகே வந்து கேட்டார். இது சட்டப்படி குற்றம் இல்லையா சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: “சட்டமெல்லாம் நாங்க எழுதினதாக்கும் சேச்சி. அது எங்கே வளையும்னு எங்களுக்குத்தானே தெரியும்.”

நாலு குழாய் வண்டி

அதியன்னூர் மணிகண்டன் பிள்ளைக்கு டைல்ஸ் வியாபாரம். தாத்தா காலத்தில் வயலும் தோப்பும் இருந்தது, அப்பா காலத்தில் சர்க்கார் உத்தியோகம் இருந்தது, இவர் காலத்தில் ஊரெல்லாம் தரைக்கு டைல்ஸ் ஒட்டி நல்ல பணம் பண்ணிவிட்டார். மணியண்ணன் என்றுதான் நாங்கள் சொல்வது. அவர் ஒருநாள் என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய வண்டியைப் பார்த்து எதிரே இருக்கிற டீக்கடையே காலியாகி இந்தப் பக்கம் வந்துவிட்டது. சிவப்பு நிறம், கதவு இரண்டு, சீட்டு இரண்டு. பின்னால் குழாய் மட்டும் நாலு. எதில் செருகுவது என்று எனக்கே குழப்பம்.

பந்தயத்துக்கு ஓட வேண்டிய வண்டி. எங்கள் ரோட்டில் எங்கே ஓடுவது? ஒவ்வொரு வேகத்தடையிலும் அண்ணன் இறங்கி, குனிந்து, அடி தட்டுமா என்று பார்த்துவிட்டு மறுபடியும் ஏறுவார். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே அந்த வண்டி இரண்டாவது கியரைத் தாண்டியதை யாரும் கண்டதில்லை. மீன்கூடைச் சைக்கிள்கூட அதை முந்திக்கொண்டு போகும். ஆனாலும் அண்ணனுக்கு அதன்மேல் உயிர். தூசு பட்டால் கட்டியிருக்கிற வேட்டி நுனியால் துடைப்பார்.

வண்டி மும்பையிலிருந்து செகண்ட்ஹேண்டில் வாங்கியது, பதினைந்து வயது தாண்டியது. வயது கூடினால் புகையும் கூடும் என்பது சர்க்கார் கணக்கு. ஆகவே சாதாரணச் சாலை வரியோடு மேலே ஒரு பசுமை வரி. சாலை வரியோ அந்த வண்டி புதிதாக இருந்த காலத்து விலையைப் பிடித்துக்கொண்டு வரும். இரண்டையும் கூட்டி ஏஜென்ட் ஒரு தொகை சொன்னதும் அண்ணன் என் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் கேட்டார்: “பைசா குடுத்து வாங்கினது நான், பெட்ரோல் ஊத்துகது நான், ஓட்டுகது நான். பின்னே புகை மட்டும் சர்க்காருக்க சொத்தா சேச்சி?”

பிலோமினாவின் சந்தேகம்

அவர் இதைக் கேட்டபோது பின்னால் வரிசையில் பிலோமினா நின்றிருந்தாள். திருப்புறத்துக்காரி. பூவார் கடற்கரையில் மீன் எடுத்து ஒரு பழைய சரக்கு ஆட்டோவில் வைத்து, தானே ஓட்டி, நெய்யாற்றின்கரை வரைக்கும் விற்கிறவள். அந்த ஆட்டோவுக்கும் பசுமை வரி உண்டு. கட்டிய ரசீதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். எப்படிக் கட்டினாய் என்று நான் கேட்டதில்லை. அவள் கழுத்தில் கிடந்த செயின் அந்த மாதத்திலிருந்து காணவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மணியண்ணன் அவளைப் பார்த்து, நீயெல்லாம் எப்படி இந்த அநியாயத்துக்குச் சம்மதிக்கிறாய், நாம் எல்லாரும் சேர்ந்து எதிர்க்க வேண்டாமா என்று பெரிய போராளி மாதிரி பேசினார். அவள் நாலு குழாயையும் ஒரு தரம் பார்த்தாள். “நீங்க மேலே உள்ள ஆளுக, உங்களுக்க புகை மேலே போயிரும் அண்ணா. எங்களுக்கதுதான் தரையிலே நிக்கும்போல இருக்கு.”

திடீர்ப் பாசம்

இந்தப் பக்கத்தில் எந்த வீட்டை எடுத்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு அக்காளோ தங்கையோ இருப்பாள். மணியண்ணனுக்குக் களியக்காவிளையில் சரோஜக்கா. அவள் புருஷன் தாணப்பன் பிள்ளைக்கு அங்கே வாழைக்குலை மண்டி. தமிழ்நாட்டில் வரி குறைவு என்று யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டுச் சொல்ல, அண்ணன் வண்டியைக் கொண்டுபோய் அத்தான் விலாசத்தில், அத்தான் பேரிலேயே பதிந்துவிட்டார். பணம் இவருடையது, பேர் அவருடையது. சொந்த அத்தான்தானே, என்ன வந்துவிடப் போகிறது?

ஆனால் வெளிமாநில வண்டி மாசக்கணக்கில் இங்கேயே கிடந்தால் இந்தப் பக்கத்து வரியையும் கேட்பார்கள். அதற்காக மாதம் ஒருமுறை அண்ணன் வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோய், அங்கே பெட்ரோல் போட்டு, சாட்சிக்குப் பில்லையும் வாங்கி வருவார். போகிற வழியில் அக்கா வீட்டில் ஒரு காப்பி. தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத தம்பி இப்படி மாறியதில் சரோஜக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஒரு தடவை அண்ணன் அவளை அந்த முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அவர் டீக்கடைப் பக்கம் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள்: “எனக்க தம்பிக்கு இப்பத்தான் எங்க அருமை தெரிஞ்சிருக்கு. மாசம் தப்பாம வாறான் சேச்சி, வந்ததுக்குப் பில்லுகூட வாங்கி வைக்கான்.”

சின்னப் பய

வண்டி இன்ஸ்பெக்டர்கள் சோதனைக்கு நிற்கிற இடம் என் கடை வாசல்தான். புகைச் சான்று இல்லாதவர்களை அப்படியே என் பக்கம் தள்ளிவிடலாம் அல்லவா? ஒருநாள் சிவப்புக் காரை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டு நம்பர், நெய்யாற்றின்கரையில் தினமும் ஓடுகிறதாமே, யாருடைய வண்டி என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். என் வண்டி என்றால் வரியும் அபராதமும் தலையில் விழும். மணியண்ணன் ஊரார் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தானுடைய வண்டி என்றார். அப்படியானால் அத்தானைக் கூப்பிடு என்றார் இன்ஸ்பெக்டர்.

தாணப்பன் பிள்ளை மண்டியிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்தார். சட்டை முழுக்க வாழைக்கறை. யாருடைய வண்டி என்று இன்ஸ்பெக்டர் அவரிடமும் கேட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பேனட்டில் கை வைத்துத் தடவினார். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. “பின்னே யாருக்க வண்டி? எனக்கதாக்கும் சாரே. இவன் எனக்க மச்சினன், சின்னப் பய. ஆசைப்பட்டான்னு அப்பப்ப ஓட்டக் குடுக்குகது.” சின்னப் பயலுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

முன்சீட்டில் ஒருவர்

அதற்கப்புறம் அத்தான் ஒரு நியாயம் சொன்னார். தன் பேரில் உள்ள வண்டி தன் வீட்டில் நிற்காவிட்டால் சந்தேகம் வருமாம். அண்ணனால் மறுக்க முடியுமா? அக்காள் புருஷன் முன்னால் இந்த வீட்டுக்காரர்கள் நாற்காலியில்கூடச் சாய்ந்து உட்கார மாட்டார்கள். வண்டி களியக்காவிளைக்குப் போயிற்று. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ்ஸில் போய், ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒருநாள் அவர் என் கடைப் பெஞ்சில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கும்போது வண்டியே வந்துவிட்டது. ஓட்டி வந்தது அத்தான். பக்கத்துச் சீட்டில் ஒரு பெரிய ஏத்தன் வாழைக்குலை, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சரக்காம். தோல் சீட்டில் கறை வழிந்திருந்தது. மணியண்ணன் வேட்டி நுனியை எடுத்துத் துடைத்தார், அது போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அத்தான் மட்டும் சந்தோஷமாகச் சொன்னார்: “கேட்டியா மக்கா, இதுக்கு டிக்கி முன்னாலே இருக்குகது நல்ல சௌகரியமாக்கும். அதுக்குள்ளே இன்னும் ரெண்டு குலை சாயாம நிக்கும்.”

தாய்மாமன் சீர்

அன்றைக்கே அண்ணன் தீர்மானித்துவிட்டார். வரி எவ்வளவானாலும் கட்டுவது, வண்டியைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்வது. எந்த ஆபீஸ், என்னென்ன காகிதம் என்று என்னிடமே கேட்டுக்கொண்டு போனார். அத்தானிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் சரோஜக்கா மகள் ஆதிராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரன். பாறசாலையில் மண்டபம் பிடித்து நிச்சயதாம்பூலம், எனக்கும் அழைப்பு.

சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டார். மணியண்ணன் ஒரு செயின் யோசித்து வைத்திருந்தார். வாயைத் திறப்பதற்குள் அத்தான் எழுந்துவிட்டார். சீர் வெளியே நிற்கிறது, சிவப்பு நிறம், வந்து பாருங்கள் என்றார். சபை முழுக்கக் கைதட்டல். ஆதிரா ஓடிவந்து மாமன் காலில் விழுந்தாள். சரோஜக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இல்லை, அது என் வண்டி என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். சொன்னால் தாய்மாமன் சீரைத் திருப்பிக் கேட்டவன் என்ற பேர் காலத்துக்கும் நிற்கும். அதோடு, இது தன்னுடையது இல்லை என்று நடுரோட்டில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதும் அவர் வாய்தானே. அவர் சிரித்துக்கொண்டே கை கூப்பி நின்றார். இத்தனை நாள் அவரைக் கேலி பண்ணியவள் நான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தாணப்பன் பிள்ளை அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சபைக்குச் சொன்னார்: “ரெக்கார்டிலே பேர் எனக்கதாக்கும். ஆனா பைசா முழுக்க இவனுக்க பைசா. உள்ளதை உள்ளபடி சொல்லணும் இல்லியா?”

சட்டம் தெரிந்த மாப்பிள்ளை

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் வண்டி மறுபடியும் என் கடைக்கு வந்தது. ஓட்டி வந்தது மாப்பிள்ளை. இந்த வண்டியின் பழக்கவழக்கம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான் என்பதால் மணியண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தான். நல்ல பையன், ஒளிவுமறைவு தெரியாதவன். வண்டியை இந்தப் பக்கத்து நம்பருக்கு மாற்றி, சாலை வரி, பசுமை வரி எல்லாவற்றையும் ஒரே தவணையில் கட்டிவிட்டான். சின்னதாக ஒரு லோன் போட்டானாம். குழாய் செருகினேன், முடுக்கினான், வண்டி அருமையாகத் தேறியது.

காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவன் மணியண்ணன் பக்கம் திரும்பினான். அண்ணன் நாலு குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் இதைச் சொல்லலாமா என்று ஒரு தயக்கம் அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மரியாதையாகவே சொன்னான்: “நீங்க ஆசைப்பட்டுத் தந்த வண்டி இல்லியா மாமா. இதை வரி கட்டாம ஒளிச்சு ஓட்டினா உங்களுக்கல்லவா மானக்கேடு?”

இத்தனை வருஷமாக வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தே பிழைக்கிறவள் என்ற முறையில் நான் சொல்வதெல்லாம், புகை வரிக்குப் பயந்து எல்லை தாண்டியவர்களில் வண்டியையே வரியாகக் கட்டிவிட்டு வந்தவர் எங்கள் மணியண்ணன் ஒருவர்தான்.