கழுத்து காட்டிய நேர்

இடது கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் டார்ச்சை இடுக்கிக்கொண்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக் கிடக்கிறார் டார்ச்காரர். ஒயரைத் தொட இரண்டு கையும் வேண்டும். வெளிச்சம் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கார் ஒயரிங் வேலையில் இருபத்தைந்து வருஷம். டார்ச் இல்லாதபோதும் கழுத்து இப்போது அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.

அவருக்கு மட்டும் அது தெரியாது. பட்டறைச் சுவரில் காலண்டர், கண்ணாடி, கடிகாரம் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்திருக்கும். யாராவது நிமிர்த்தி வைத்துவிட்டால், "ஏன்யா கோணலாக்குற?" என்று பழையபடி சரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

போன வாரம் அவர் மல்லுக்கட்டியது சொந்த வண்டியோடு. சக்கரத்து சென்சார் போய்விட்டது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் புது சென்சார் மாட்டினார். ஆனாலும் வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலின் மஞ்சள் விளக்கு அணையவில்லை. மறுநாள் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். விளக்கு எரிகிற வண்டியை அதிகாரி ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஏற்கெனவே இரண்டு தடவை, 'நேராக ஓட்டத் தெரியவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியவர் அவர். ஓட்டச் சொல்லிக்கொடுத்தது வேறு யார், டார்ச்காரர்தான். "ஸ்டியரிங்க நேராப் பிடின்னா கேக்குறியா?" என்று ஒரு மாதமாக வாங்கிய ஏச்சில் அந்த அம்மா பாதியாக இளைத்துப்போயிருந்தார்.

பிளக்கைக் கழற்றி ஊதினார். ஒயரை ஒயராகத் தடவிப் பார்த்தார். கடைசியில் ஸ்கேனர்தான் போட்டு உடைத்தது: பேட்டரியைக் கழற்றியதில், ஸ்டியரிங்குக்கு நேர் எது என்பதே வண்டிக்கு மறந்துவிட்டது. நேராகப் பிடித்து ஸ்கேனர் பொத்தானை அமுக்கினால் போதும், கற்றுக்கொள்ளும். அமுக்கினார், விளக்கு அணைந்தது. தெருமுனைக்குப் போவதற்குள் மறுபடி எரிந்தது. இப்படியே ஐந்து தடவை. நேரான ரோட்டில் போகிற வண்டி, தான் வளைந்துகொண்டிருப்பதாகவே சாதித்தது.

"நேர் எதுன்னு தெரியாத வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று அலுத்துக்கொண்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் சரிந்திருந்தது. அதே சரிவில் கணவரின் தலையும். சிரிப்பை அடக்க அவர் பட்டபாடு கொஞ்சமல்ல.

"இறங்குங்க. நான் பிடிக்கிறேன், நீங்க பொத்தான மட்டும் அமுக்குங்க."

"உனக்கு நேராப் பிடிக்கத் தெரிஞ்சா எப்பவோ பாஸ் பண்ணியிருப்பியே."

"எனக்குத் தெரிஞ்ச நேர்ல பிடிக்கிறேன். முதல்ல இறங்குங்க."

"கோணலாப் பிடிக்கிற" என்று முணுமுணுத்தபடியே அமுக்கினார். விளக்கு அணைந்தது. தெருமுனை தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, பாலம் ஏறி இறங்கியும் எரியவில்லை. அன்று ராத்திரி டார்ச்காரர் குளியலறைக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாராம்.

மறுநாள் காலையில் டெஸ்ட் மைதானத்து வேலியோரம் அவரைப் பார்த்தேன். தூரத்தில் அதிகாரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மனைவி வந்துகொண்டிருந்தார். வெள்ளைக்கோடு, வண்டி, அந்த அம்மா எல்லாமே கோணலாகத்தான் தெரிந்திருக்கும் அவருக்கு. "ஐயோ, சரியுதே" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். உள்ளங்கையை இடது கன்னத்துக்கு முட்டுக்கொடுத்து, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். அதிகாரி இறங்கி வந்து காகிதத்தில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.